பிள்ளைத்தமிழில் இல்லாத இரண்டாவது குழந்தை

என் தங்கைக்கு இரண்டு குழந்தைகள். மூத்தது பெண், மூன்றரை வயது. இளையவனுக்குப் பதினொரு மாதம் முடிந்து சில நாட்களாகியிருந்தன. சென்ற தை மாதம் ஒரு மாலை, நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவன் கட்டில் சட்டத்தை விட்டுவிட்டு மூன்று அடி வைத்தான். நான்காவதில் உட்கார்ந்துவிட்டான். வீடே கை தட்டியது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். மாப்பிள்ளை செல்போனை எடுத்துக்கொண்டு, இன்னொரு தரம் நட என்று அவனைக் கெஞ்ச ஆரம்பித்தார். இந்தச் சத்தத்துக்கு நடுவே மூத்தவள் தரையில் கைகளை ஊன்றித் தவழ்ந்துகொண்டு கூடத்தின் குறுக்கே போனாள். "ஏய், வழியை விடு, தம்பி நடக்கிறான் பார்" என்று அவளை ஒதுக்கினார்கள்.

இது குடும்ப விஷயம், பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு இது இலக்கிய விஷயமாகத்தான் பட்டது. குழந்தை வளர்வதை மாதக் கணக்குப் போட்டுப் பார்த்து, அதையே ஒரு கவிதை வகையாக ஆக்கி வைத்திருப்பவர்கள் நாம். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழிலிருந்து இன்றுவரை அந்த வகை செத்துவிடவில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பொதுப் பருவங்கள். அதற்கு மேல் ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணானால் அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்கள் பத்து, அவற்றுக்குப் பருவம் பத்து என்பது பாட்டியல்காரர்களின் ஒரு கணக்கு. வேறு பாட்டியல்கள் வேறு மாதம் சொல்கின்றன. அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதே நல்ல அறிகுறி. எதிரே குழந்தைகள் இருந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கிலும், தனியே நடப்பதற்கு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை இடம் விட்டிருக்கிறார்கள். தவழாமலேயே நடந்துவிடும் குழந்தைகளும் அதில் உண்டு.

ஆனால் மாதம் அல்ல என் பிரச்சினை. பிள்ளைத்தமிழில் குழந்தை ஒன்றுதான். ஒரு வயசுக் குழந்தைக்கு விளையாட்டுத் துணை வேண்டுமென்றால் கவி ஆகாயத்தைப் பார்த்து நிலாவைக் கூப்பிடுகிறான்; சாம, பேத, தான, தண்டம் நான்கையும் பிரயோகிக்கிறான். பக்கத்து அறையில் ஒரு அக்காவோ அண்ணனோ இருக்கக்கூடும் என்ற பிரக்ஞையே அவனுக்கு இல்லை. சிற்றில் பருவத்தில் வேறு குழந்தைகள் வருகிறார்கள், உண்மை. ஆனால் அவர்கள் தெருப் பெண்கள். மணல்வீட்டை உதைக்காதே என்று மன்றாடுவதற்காக வருகிறவர்கள். முருகனுக்கு அண்ணன் உண்டு. அந்த அண்ணன் பெரும்பாலும் காப்புப் பருவத்தில் காவல் தெய்வமாக நின்றுவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த அண்ணன் தம்பி சண்டை எங்கே போயிற்று? தனிப்பாடலுக்குப் போய்விட்டது. தம்பி காதைக் கிள்ளினான் என்று பிள்ளையார் அப்பாவிடம் அழுகிறார். ஏனப்பா கிள்ளினாய் என்றால், இவன் என் கண்களை எண்ணினான் என்கிறான் முருகன். நீ ஏன் எண்ணினாய் என்றால், இவன் என் துதிக்கையை முழம் போட்டு அளந்தான் என்கிறார் பிள்ளையார். நாம் இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். சண்டை எதனால் வந்தது என்று பாருங்கள். எண்ணியதால், அளந்ததால்.

டார்வின் தன் மூத்த மகன் 1839-இல் பிறந்ததிலிருந்து குறிப்பு எழுதி வைத்து, முப்பத்தேழு வருஷங்கள் கழித்து 1877-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கோபம் எப்போது, பயம் எப்போது, சிரிப்பு எப்போது என்று வரிசையாகப் போகிறது. பொறாமை என்ற இடத்தில் அவர் சொல்வது இது: பையனுக்குப் பதினைந்தரை மாதம் இருக்கும்போது, கைக்குழந்தையான தங்கையை நான் எடை போட்டேன், அவனிடம் பொறாமை தெளிவாகத் தெரிந்தது. விஞ்ஞானி தராசைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லவில்லை. பையனிடம் பொறாமை இருந்ததை எழுதிக்கொண்டார். தராசைப் பிடித்திருந்தது தன் கை என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் செல்போனை நீட்டிய மாப்பிள்ளையும் அப்படித்தான். நானும் அப்படித்தான். மூத்தவளுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, குப்புற விழுந்த நாள், உட்கார்ந்த நாள், முதல் சொல் எல்லாம் தேதியோடு எழுதியிருந்தேன். இளையவனுக்கு அதில் இரண்டு வரிதான் இருக்கிறது. அந்த இரண்டிலும் அக்காவைவிட எத்தனை நாள் முந்தினான், பிந்தினான் என்றுதான் குறித்திருக்கிறேன்.

அவளுடைய நோட்டிலும் ஒரு பெரிய நாள் விட்டுப்போயிருக்கிறது. தம்பி பிறக்கும்வரை அவளுக்கு வீட்டில் பேர் பாப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து துணிச்சுருள் வந்த அன்றே பாப்பா என்ற சொல் அவனுக்குப் போய்விட்டது. அவள் அக்கா ஆகிவிட்டாள். அவள் அதற்காகக் குப்புற விழவில்லை, எழுந்து நிற்கவில்லை. ஒன்றும் செய்யாமலேயே வந்து சேர்ந்த பருவம். பல் முளைத்தவனுக்குப் பல் கொழுக்கட்டை செய்தபோது, ஒரு பல்லை வைத்துக்கொண்டு அவன் என்ன தின்பான், கொழுக்கட்டை முழுதும் அவளுக்குத்தான் கிடைத்தது. வாயில் போட்டுக்கொண்டு, "மாமா, எனக்குப் பல் முளைச்சப்போ யார் தின்னா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அப்போது வீட்டில் வேறு குழந்தை இல்லை.

பிள்ளைத்தமிழ் ஒரு தனி வகையாக இறுகுவதற்கு முன்னால் பெரியாழ்வார் இருக்கிறார். கண்ணனின் தளர்நடையைப் பாடும் பதிகத்தில், சங்கிலி ஒலிக்க வரும் யானை முதலான உவமைகள் வருகின்றன. எல்லாம் அழகுதான், எல்லாம் அந்த ஒரு குழந்தைக்குப் போட்ட நகைகள். ஒரே ஒரு பாட்டு வேறு மாதிரி. வெள்ளி மலையின் குட்டி ஒன்று முன்னால் ஓடுகிறது. கருமலையின் குட்டி ஒன்று அதன் பின்னால் அடி பெயர்த்து வைக்கிறது. அப்படி, பலதேவன் ஓட அவன் பின்னே இவன் போகிறான். மற்ற பாட்டுகளில் குழந்தை எப்படி நடக்கிறது என்று இருக்கிறது. இந்தப் பாட்டில் ஏன் நடக்கிறது என்று இருக்கிறது. முன்னால் ஒருவன் ஓடுகிறான், அதனால். மாதம் வந்துவிட்டது என்பதற்காக எந்தக் குழந்தையும் நடப்பதில்லை. இந்த ஒரு பாட்டை, பின்னால் வந்த பருவ வரிசை முழுவதற்கும் எதிராக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஒரு குறை. பலதேவன் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. அவன் முகத்தை ஆழ்வார் காட்டவில்லை.

நம் புதுக்கவிதையிலும் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஒற்றைக் குழந்தைகள். மழையில் நிற்கும், ஜன்னலில் நிற்கும், நாம் இழந்துவிட்ட ஏதோ ஒன்றுக்குக் குறியீடாக நிற்கும். பக்கத்தில் இன்னொரு குழந்தையை வைத்தால் குறியீடு உடைந்துவிடும். ஒன்று மற்றதைக் கிள்ளும். உரைநடையில் கு. அழகிரிசாமிக்கு அந்தக் காது இருந்தது. 'ராஜா வந்திருக்கிறான்' குழந்தைகளின் போட்டிப் பேச்சில்தான் தொடங்குகிறது. அந்தப் போட்டியை அவர் அசிங்கம் என்று ஒதுக்கவில்லை, அதற்குள்ளிருந்தே பிரியத்தைக் கண்டுபிடித்தார். கவிதையில் அதற்கு ஈடாக நான் எதையும் படித்ததில்லை. விமர்சனம் எழுதும் நாமும் யோசிக்க வேண்டும். ஒரு கவிஞனின் இரண்டாம் தொகுதி வந்தால் வளர்ச்சி தெரிகிறது, தெரியவில்லை என்று தராசோடு உட்கார்ந்துவிடுகிறோம். அவன் யார் பின்னால் நடந்தான், அவன் நடந்தபோது யார் தவழப் போனார்கள் என்று கேட்பதில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் தங்கை வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது கூடம் முழுக்க நடக்கிறான், அவள் போகிற பக்கமெல்லாம். அவள் வேகமாக ஓடினாள். அவன் தொடர்ந்து போய் விழுந்தான். அவள் வாசல்படியருகே நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கும்வரை நின்றாள். எழுந்ததும் மறுபடியும் ஓடினாள். அவன் விழட்டும் என்று ஓடினாளா, வரட்டும் என்று நின்றாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நோட்டில் எழுத உட்கார்ந்தேன். தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.