வில்வராஜா வழக்கு: ஒரு தீர்ப்பை வாசித்தல்

கதைக்கும் கவிதைக்கும்தான் விமரிசனம் எழுத வேண்டுமா? கோர்ட்டுத் தீர்ப்புக்கும் எழுதலாம் என்பது என் கட்சி. அடைக்கலம் மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீடு, கொல்லயிலில் இருக்கும் நமக்குத் தூரத்து விஷயம்தான். இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை; இங்கே அதற்கென்று தீர்ப்பாயமும் கிடையாது. ஆனால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் மனுவோடு அலைந்தவர்களுக்கு இதன் சாரம் சட்டென்று பிடிபடும். மேலதிகாரி ஆளை உட்கார வைத்து, "உன் பக்கம் நியாயம் உண்டா?" என்று கேட்கலாம். அல்லது, கீழே உள்ளவர் பைலை முறைப்படி பார்த்தாரா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடலாம். இரண்டும் ஒன்றாகாது, கேட்டியளா!

1987-இல் இங்கிலாந்து போய் அடைக்கலம் கேட்ட ஐந்து இலங்கைத் தமிழர்களின் கதி இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. உள்துறை மறுத்தது. அன்றைய சட்டப்படி, நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அவர்கள் அப்பீல் செய்யலாம். எங்கே அடி விழும் என்று பயந்து ஓடி வந்தார்களோ, அங்கேயே திரும்பிப் போய் நின்றுகொண்டு "எங்களுக்குப் பயம்" என்று எழுதிப் போட வேண்டும்! அங்கே இருக்கும்போது கிடைத்தது, முடிவெடுத்த முறையைச் சோதிக்கும் மறுஆய்வு மட்டும். அது பிரபுக்கள் சபை வரை போயிற்று. மனசிலே பயம் இருந்தால் போதாது, நிலவரமும் அதற்கு ஆதாரமாக நிற்க வேண்டும் என்று 1987 டிசம்பரில் முடிவு வந்தது. 1988 பிப்ரவரியில் ஐவரையும் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்தே அப்பீல் போட்டார்கள். 1989 மார்ச்சில், அவர்கள் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு, திரும்ப அழைக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு அதிகாரி தீர்ப்பளித்தார். அக்டோபரில் வந்து சேர்ந்தார்கள். ஆள் மாறவில்லை. ஆனால் இம்முறை சங்கதியையே எடுத்துப் பார்க்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தது.

பின்னே, ஸ்ட்ராஸ்பர்க். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 30.10.1991-இல் ஐவருக்கும் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. திரும்பிப் போனவர்களில் மூவர் துன்புறுத்தப்பட்டதாகத் தெரிந்தாலும், அதை முன்கூட்டி அறிய அவர்களிடம் தனி அடையாளம் ஏதும் இல்லையாம். மற்றத் தமிழ் இளைஞர்களைவிட அவர்கள் நிலை மோசமில்லையாம். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலவரம் தேறுகிறது என்ற நம்பிக்கை அன்று இருந்தது உண்மை. அதை நான் தள்ளவில்லை. ஆனால் ஊர் முழுக்க வெள்ளம் என்றால் என் வீட்டுக்குள் ஈரம் இல்லை என்றா அர்த்தம்?

என் பெரிய சண்டை அடுத்த பகுதியோடு. முறையை மட்டும் பார்க்கும் மறுஆய்வே போதிய பரிகாரம் என்று ஏழு நீதிபதிகள் ஒப்பினார்கள். அது போதாமல் போனதற்குச் சாட்சியாக 1989 தீர்ப்பு அவர்கள் முன்னாலேயே கிடந்தது. வழக்கின் தகுதியைத் தீர்மானிக்க முடியாத ஏற்பாட்டைப் பரிகாரம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டவர்கள் இரண்டே பேர். அந்த இருவர் எழுதியதுதான் இந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் பக்கம்.

1993-இல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. நாட்டுக்குள் இருந்தபடியே அப்பீல் செய்ய உரிமை வந்தது. 2008 ஜூலையில், பெயர் மறைக்கப்பட்ட இன்னொரு இலங்கைத் தமிழரின் வழக்கில், அதே ஸ்ட்ராஸ்பர்க் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. பழைய கைதுகள், உடம்பில் தழும்புகள், அவரை விடுவிக்க அப்பா போட்டுக் கொடுத்த கையெழுத்து. இப்படிச் சில்லறைச் சங்கதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிறகு சேர்த்து எடைபோட்டிருக்கிறார்கள்.