சமயப் பொதுமையும் சமூக நீதியும்

பல சமயத்தாரும் ஓரிடத்துக் கூடி, எல்லாச் சமயமும் ஒன்றே என உடன்படுவாராயின், பிறப்புப் பற்றிய இழிவு தானே ஒழியும் என்பாருளர். அக்கூற்றுப் பொருந்துவதன்று. என்னை? மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் நிகழ்ந்த வரலாறே அதனை மறுக்கின்றது.

1875-இல் நியூயார்க்கில் தோன்றிய பிரமஞான சபை, 1882-இல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டது. இனம், சமயம், சாதி, பால், நிறம் என்னும் வேறுபாடு கருதாத சகோதரத்துவமே அதன் நோக்கங்களுள் முதலாவது. அதன் முதல் தலைவரான கர்னல் ஒல்காட், இலங்கையிற் பஞ்சசீலம் ஏற்றவர். பஞ்சமர் என ஒதுக்கப்பட்டோருடைய பிள்ளைகளுக்கு 1894-இல் அவர் இலவசப் பள்ளி கண்டார். அதன் வழிவந்த பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடைபெறுகின்றது. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தந் தழுவுதற்கும் ஒல்காட் துணைபுரிந்தார்.

ஆயின், 1907-இல் தலைமையேற்ற அன்னி பெசன்ட் அம்மையாரோ, 1909-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பிறரோடு ஒரே பள்ளியிற் சேர்த்தலாகாது என்றார். முதலில் அவர்க்குத் தூய்மையும் நல்லொழுக்கமும் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய ஏது. குளத்து நீரையும் மறுத்துவிட்டு அழுக்கைக் குற்றமாகக் கூறுதல் நீதியாகுமோ? சபை ஒன்று, கொள்கை ஒன்று, இடைப்பட்ட காலமோ பதினைந்தே ஆண்டு. ஆகவே, நீதியைப் பயந்தது சமயப் பொதுமை அன்று. பிறர் துயர் கண்டு செயற்பட்ட இரக்கமே என்க.

இது கேட்டுச் சைவர் மகிழ்தற்கும் இடமில்லை. பங்குனிதோறும் கபாலீச்சரத்தில் அறுபத்துமூவர் வீதியுலா வருகின்றனர். வேடராகிய கண்ணப்பரும், குயவராகிய திருநீலகண்டரும், புலையராகிய திருநாளைப்போவாரும் அவருள் அடங்குவர். நாயனாரைத் தோளிற் சுமந்தோம். அவர் குலத்தாரை வாயிலின் புறத்தே நிறுத்தினோம். சென்னை மாகாணத்துக் கோயில்கள் பலவற்றின் கதவைத் திறந்தது 1947-ஆம் ஆண்டுச் சட்டமேயன்றி நம் அன்பன்று.

சித்தாந்தம் எல்லாச் சமயமும் ஒன்றெனக் கூறாது; அவற்றைச் சோபான முறையிற் படிகளாகக் கொள்ளும். உயிர்கள் யாவும் ஆணவத்தாற் பிணிப்புண்டவை என்பதே அதன் துணிபு. அங்ஙனமாகப் பிறப்பால் உயர்ந்தோம் எனச் செருக்குதல் அம்மலத்தின் செயலேயன்றி வேறென்னை?

எனவே, பல சமயத்தார் கூட்டுறவின் பயன் கொள்கைகளைக் கலத்தலன்று. அயலார் செய்யும் அறம் நமக்குக் கண்ணாடியாதலே அதன் பயன். அக்கண்ணாடியில் தம் குறை கண்டு, தத்தம் அடியார் காட்டிய நெறிக்கு மீள்வாராயின், நீதி அவ்வச்சமயத்தினுள்ளேயே பிறக்கும். அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.