அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பை

இரவில் அமெரிக்க நெடுஞ்சாலையில் எதிரே வரும் பிக்கப்பின் விளக்கு கண்ணைக் கூசச்செய்தால், ஓட்டுநர் ஹைபீம் போட்டிருக்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. பின்னால் பாரம் கூடி வால் இறங்கியிருக்கலாம். வால் இறங்கினால் மூக்கு தூக்கும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் விழும். ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டியைக் காலியாக நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள், பின்பக்கம் சற்று உயர்ந்தே நிற்கும். பாரம் ஏறும்போது இறங்கி மட்டத்துக்கு வரட்டும் என்று தொழிற்சாலையிலேயே விட்டுவைத்த உயரம் அது. விறகு, செங்கல், படகு ஏற்றிய டிரெய்லர், முதுகில் சுமக்கும் கேம்பர் அறை என்று பாரம் கூடக்கூட அந்த உயரம் கரைந்து, மட்டத்துக்கும் கீழே போகிறது. பின் அச்சுக்கு அப்பால் விழும் எடை முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. ஸ்டியரிங் கைக்கு லேசாகிவிடும். வளைவில் அந்த லேசை உணர்ந்தவர்களுக்கு அதன் பயம் தெரியும்.

நம் ஊர் லாரிக்காரர் என்றால் நேரே கமான் பட்டறைக்குப் போய் இன்னொரு பட்டை சேர்க்கச் சொல்வார். அது பழைய வழி, நல்ல வழியும்கூட. ஆனால் சேர்த்த பட்டை சேர்த்ததுதான். பாரம் இறக்கிய பிறகும் அது அங்கேயே விறைத்துக்கொண்டு நிற்கும். காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பை உலுக்கும். எப்போதும் பாரத்தோடு ஓடும் லாரிக்கு அது பொருந்துகிறது. வாரத்தில் ஐந்து நாள் காலியாக அலுவலகம் போய்விட்டு, ஆறாம் நாள் டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குப் பொருந்தாது. பாரம் உள்ளபோது தாங்கி, இல்லாதபோது ஒதுங்கிக்கொள்ளும் ஒன்று அதற்கு வேண்டும். கமானை அப்படியே விட்டுவிட்டு, அதற்குத் துணையாக வண்டிச் சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு காற்றுப் பையைப் பூட்டுவது இதற்காகத்தான். மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் 1949இல் தொடங்கிய ஏர் லிஃப்ட் நிறுவனமும், டயருக்குப் பேர்போன ஃபயர்ஸ்டோனும் இத்தகைய பைகளைக் கிட்டாகப் பெட்டியில் போட்டு விற்கின்றன. கைத்திறன் உள்ள எவரும் வீட்டு வாசலிலேயே பூட்டிவிடலாம்.

முதலில் பையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு மெதுவடை போலிருக்கும் கறுப்பு ரப்பர். இரண்டும் சேரும் இடுப்பில் ஒரு வளையம். அது அலங்காரத்துக்கு இல்லை. காற்று அழுத்தும்போது நடுப்பகுதி வெளியே பிதுங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ரப்பருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நூலிழைப் படுகைகள் இருக்கின்றன. ஒரு படுகையின் இழைகள் ஒரு பக்கம் சாய்ந்தும், அடுத்ததன் இழைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் ஓடும். அழுத்தத்தைத் தாங்குவது உண்மையில் இந்த இழைகள்தாம்; காற்று கசியாமல் காப்பதே ரப்பரின் வேலை. பை அமுங்கும்போது இழைகள் இழுபடுவதில்லை, தமக்குள் கோணத்தை மாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் பல லட்சம் முறை அமுங்கி எழுந்தும் அந்த ரப்பர் நைந்துபோவதில்லை. மேலும் கீழும் உலோகத் தட்டுகள். அவற்றின் விளிம்பு ரப்பரின் உதட்டை மடித்துக் கவ்வியிருக்கும். பசையும் கிடையாது, தையலும் கிடையாது.

உள்ளே இருப்பது வெறும் காற்று. ஆனால் அந்தக் காற்று செய்வதை எஃகு செய்யாது. எஃகுச் சுருளுக்கு ஒரு விறைப்பு உண்டு, அது மாறாது. மேலே எடை ஏறினால் சுருள் அமுங்கும்; எடைக்கு ஏற்ற விறைப்பு இல்லாததால் வண்டி மெல்ல, பெரிதாக ஆடும். காற்றில் அப்படியில்லை. அதிக எடையைத் தாங்க அதிக அழுத்தம் வைக்கிறோம். அழுத்தம் ஏறினால் விறைப்பும் கூடவே ஏறுகிறது. எடையும் விறைப்பும் சேர்ந்தே வளர்வதால், காற்று மட்டும் தாங்கும் வண்டியின் ஆட்டம் பாரத்தோடும் பாரம் இல்லாமலும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் இருக்கும். பிக்கப்பில் கமானும் காற்றும் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் இந்தக் குணம் பாதியளவு கிடைக்கிறது. அதுவே போதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கனஅளவு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி, மெதுவாக அமுக்கும்போது பொருந்துவது. சாலைப் பள்ளம் அப்படி மெதுவாக அமுக்குவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் அமுங்கும் காற்று சூடேறி, அந்த விதி சொல்வதைவிடக் கூடுதலாகவே எதிர்த்து நிற்கிறது. அமுங்கும்போது பையின் வயிறும் அகலமாகி, தாங்கும் பரப்பைக் கூட்டுகிறது. சின்னக் குலுக்கலுக்கு மெத்தென்றும், பெரிய அடிக்கு விறைத்தும் நிற்க இந்தப் பைக்குக் கணினியோ உணரியோ தேவைப்படவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

இந்தக் குடும்பத்தின் பெரிய உறுப்பினர்களை நாம் எல்லோரும் அறிவோம். 1954இல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய கிரேஹவுண்ட் சீனிக்ரூசர் பேருந்து காற்றின்மேல்தான் மிதந்தது. இன்று சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்கள் படுத்திருப்பதும் இப்படிப்பட்ட காற்றுப் பைகளின் மேல்தான். அங்கே முழுப் பாரமும் காற்றின்மேல். பிக்கப்பில் அது உதவிக்கு மட்டும்.

இனிப் பூட்டும் வேலை. ஸ்பானரைத் தொடுமுன் அளவு நாடாவை எடுக்க வேண்டும். காலி வண்டியில் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பாரம் ஏற்றிக் காற்றடிக்கும்போது எதுவரை தூக்குவது என்று சொல்லப்போவது இந்த எண்தான். இதை விட்டுவிட்டு வேலையில் இறங்குபவர்கள் பிறகு கண்மதிப்பில் காற்றடிக்கிறார்கள், கண் ஏமாற்றும்.

சட்டத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியதும் அச்சு கீழே தொங்கி, நடுவே இடம் பிறக்கும். அங்கே ஒரு ரப்பர் கட்டை இருக்கும், அச்சு சட்டத்தில் மோதாமல் தடுப்பது. பல வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு, அது இருந்த துளையிலேயே பையின் மேல் பிராக்கெட்டைப் பூட்டுகிறார்கள். கீழ் பிராக்கெட் கமான் கட்டின்மேல் உட்கார்ந்து, நீள போல்ட்டுகளால் அச்சோடு இறுகுகிறது. பெரும்பாலும் சட்டத்தில் புதிதாக ஒரு துளை போடுவதில்லை, வெல்டிங் வைப்பதில்லை. வண்டியை வடிவமைத்தவர் ஏற்கெனவே விட்டுவைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ப இரும்பை வளைத்திருக்கிறார் கிட்டை வடிவமைத்தவர். பெயர் தெரியாத இரண்டு பொறியாளர்களுக்கு இடையே இப்படி ஒரு மரியாதை. நாளைக்குக் கழற்ற நினைத்தால் வண்டி பழையபடியே கிடைக்கும்.

பிராக்கெட்டில் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா நட்டையும் முதலில் கைப்பிடி இறுக்கத்தில் விட்டு, பையை முன்னும் பின்னும் நகர்த்தி, மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி நிறுத்தி, அதன் பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காற்று நிறைந்த பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது அரை அங்குலம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இருக்கும்போது மெலிந்து நிற்கும் பை, அழுத்தம் ஏறியதும் பருக்கும். பிரேக் குழாயோ, சட்டத்தின் விளிம்போ, ஒரு போல்ட்டின் நுனியோ உரசினால் ஓட்டை விழ அதிக நாள் ஆகாது. சைலன்சர் குழாய் பக்கமாகப் போனால் அதற்கும் பைக்கும் ஆறு அங்குலமாவது விட வேண்டும். அவ்வளவு இடமில்லாத வண்டிக்கு வெப்பத் தடுப்புத் தகடு உண்டு. குழாயின் வளைவுக்கு ஏற்பக் கையாலேயே வளைத்துக் கட்டலாம். இந்த வேலையின் தரத்தை, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைவிட எது எதைத் தொடாமல் இருக்கிறது என்று பார்த்துத்தான் நான் சொல்வேன்.

காற்றுக் குழாய் கால் அங்குல நைலான். அதை வெட்டும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வட்டக் குழாயின் வாய் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். கூரான பிளேடால், சரியாகக் குறுக்கே வெட்ட வேண்டும். குழாய் போய்ச் சேரும் இணைப்பின் உள்ளே முதலில் ஒரு பல்வளையம், அதைத் தாண்டி ஒரு ரப்பர் வளையம். உள்ளே தள்ளும்போது பற்கள் சாய்ந்து வழிவிடும். வெளியே இழுத்தால் குழாயில் பதிந்து பிடிக்கும். உள்ளே காற்றின் அழுத்தம் கூடக்கூட அந்தப் பிடியும் இறுகும். எடுக்க வேண்டுமானால் விளிம்பு வளையத்தை விரலால் அமுக்கிக்கொண்டு இழுத்தால் போதும். சாய்வாக வெட்டிய குழாயின் ஒரு பக்கம் ரப்பர் வளையத்தைத் தாண்டியிருக்கும், மறுபக்கம் தாண்டியிருக்காது. கசிவு அங்கே தொடங்கும். நேரான வெட்டு ஒன்றுக்காகப் புது பிளேடு வாங்குவது வீண்செலவு இல்லை.

இரண்டு பைக்கும் ஒரே குழாயா, தனித்தனியா? தனித்தனி என்பதே என் தீர்ப்பு. ஒரு டி இணைப்பில் இரண்டையும் சேர்த்தால் வண்டி வளைவில் சாயும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். எங்கே தாங்க வேண்டுமோ அங்கே ஆள் இருக்காது, சாய்வு கூடும். தனிக் குழாய் என்றால் அந்தக் காற்று தன் பையிலேயே நின்று எதிர்க்கும். கேம்பர் அறையில் குளிர்பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் அமைந்திருந்தால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு கூட்டி மட்டமாக்கலாம். பின் பம்பரில் நம்பர் பிளேட்டின் இருபுறமும் டயர் வால்வு போலவே இரண்டு சிறு வால்வுகள். பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கும் அதே குழாயால் அடித்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் அளவுமானியை வைத்துப் பார்க்க வேண்டும். பையின் கொள்ளளவு டயரைவிடச் சிறிது என்பதால், அளவுமானியை வைத்து எடுக்கும்போதே கொஞ்சம் காற்று போய்விடும். அந்த இழப்பைக் கசிவு என்று எண்ணி, பூட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட வேண்டாம். சில நூறு மைல் ஓடிய பிறகு எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். புது பிராக்கெட் கமானின்மேல் படிந்து உட்காரும்போது இறுக்கம் தளரும்.

ஏர் லிஃப்டின் லோட்லிஃப்டர் 5000 வகையில் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு முதல் 100 பவுண்டு வரை காற்று வைக்கலாம். காலி வண்டிக்கு அந்த ஐந்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது; பையின் மடிப்பு தன்மேலேயே உரசாமல் இருக்க அது போதும். பாரம் ஏற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முன்பு எழுதிவைத்த எண்ணை நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தூக்குபவர்கள் சொகுசையும் இழக்கிறார்கள், பையின் ஆயுளையும் குறைக்கிறார்கள். பாரம் இறக்கியதும் காற்றையும் இறக்க மறக்கக் கூடாது. சில பழைய டொயோட்டா பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பை வண்டியைத் தூக்கிப் பிடித்ததும் அந்த வால்வு பாரமே இல்லை என்று எண்ணிப் பிரேக்கைக் குறைத்துவிடும். அத்தகைய வண்டியில் வால்வையும் சரிசெய்யாமல் சாலைக்கு எடுக்கக் கூடாது.

இவ்வளவு ரசித்த பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பைகள் வண்டியை மட்டமாக நிறுத்தும். வண்டி சுமக்கக்கூடிய எடையை ஒரு கிலோகூடக் கூட்டாது. லோட்லிஃப்டர் 5000 என்ற பெயரில் உள்ள எண், இரண்டு பைகளும் சேர்ந்து தாங்கக்கூடிய 5000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. பைகளின் வலிமை அது. அச்சும், சக்கரத் தாங்கியும், டயரும், பிரேக்கும் பழையபடிதான் இருக்கின்றன. வால் இறங்காமல் நிற்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று தோன்றும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிட் வாங்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். பை பூட்டிய பிறகும் அந்த எண் அதேதான்.