காயமும் அமானிதமும்

அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் இயற்றிய 'மவுஸ்' என்னும் சித்திர நூல் 1986லும் 1991லும் இரு பாகங்களாக வெளிவந்து, 1992ல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் பிழைத்த யூதத் தந்தையின் வரலாற்றை மகன் கேட்டெழுதுகிறான். யூதர் எலிகளாகவும் நாஜிகள் பூனைகளாகவும் உருப்பெறுகின்றனர்.

இரண்டாம் பாகத்தில் மகன் உளமருத்துவர் பவெலை நாடுகிறான். அவரும் அம்முகாமின் துயர் கண்டவரே. எலி முகமூடியணிந்த மகன் நாற்காலியில் சிறுபிள்ளையாய்ச் சுருங்கி அமர்ந்திருக்கிறான். பிழைத்துவிட்ட குற்றவுணர்வைத் தந்தை மகன்மீது இறக்கியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். தான் காணாத முகாம் தன்னுள் வாழும் விந்தையை இவ்விடம் நன்கு உணர்த்துகிறது.

எனினும் நமக்கொரு குறையுண்டு. எழுதவேண்டாமெனத் தந்தை கேட்டுக்கொண்ட இளமைக்கால அந்தரங்கத்தை, வாக்களித்த மகன் எழுதிவிட்டான். தன் வாக்குறுதியையும் மறைக்காமல் சேர்த்தே எழுதினான். அந்நேர்மையை மெச்சலாம். ஆயினும் அமானிதம் முறிந்தது முறிந்ததே!

தந்தையோ, மறைந்த தாயின் குறிப்பேடுகளை எரித்தவர். அந்தச் சாம்பலும் மகனைச் சுட்டது. ஆதலின் மௌனமும் மருந்தன்று. நம் இல்லத்துப் பெரியோரிடம் காலத்தே கேட்போம். அவர்கள் வகுக்கும் எல்லையையும் பேணுவோம்.