பாதிப் பூட்டு

பர்மிங்ஹாமில் செய்த பழைய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸில் டி.பி.பி.எல். (டபுள் பேரல் பிரீச் லோடிங்) என்று இருக்கும். அப்பாவுக்கு எழுபது வயது தாண்டியதும் 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு லைசென்ஸாக என் பெயருக்கு மாறியது. தோளில் வைத்தால் அப்படியே உட்காரும். பர்மிங்ஹாம்காரன் கைக்கு நான் அடிமை.

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் சத்தத்துக்கு நடுவே குடியிருப்பவனுக்கு இது எதற்கு? காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்தது. அதிலிருந்து லைசென்ஸ்காரர்களுக்கு மலையோரப் பஞ்சாயத்துகளில் தேவை இருக்கிறது. அதற்காகத்தான் அலமாரியைத் திறந்தேன்.

சேஃப்டிதான் என்னைப் படுத்தியது. கட்டையின் கழுத்தில் சின்ன நகர்த்தி. குழலைத் திறக்க நெம்புகோலைத் தள்ளினாலே அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் அது பூட்டுவது ட்ரிக்கரை மட்டும். குழலை மடக்கும்போதே உள்ளே தோட்டாவை அடிக்கும் குதிரை ஏறிவிடும். 1875-ல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியின் ஆன்சனும் டீலியும் கொடுத்த அமைப்பு அது. ஏறிய குதிரையைத் தாங்குவது ஒரு கொக்கியின் மெல்லிய விளிம்பு. அது தேய்ந்திருந்தால், சேஃப்டி போட்டிருந்தாலும் துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்கலாம். விலையுயர்ந்த சைடுலாக் துப்பாக்கிகளில் இதைத் தடுக்க இரண்டாவது கொக்கி உண்டு. என்னுடைய ஆன்சன்-டீலி ரகத்தில் பெரும்பாலும் கிடையாது.

டம்மி தோட்டா போட்டு, சேஃப்டியைப் பூட்டி ட்ரிக்கரை அழுத்திப் பார்த்தேன். அமைதி. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை மட்டும் முன்னே தள்ளினேன். உள்ளே 'டக்'! தோட்டா நிஜமாக இருந்திருந்தால் இடக்குழல் வெடித்திருக்கும்.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கட்டையைக் கழற்றியதும் அவர் சுட்டிக்காட்டியது மரத்தை. கொக்கியின் வால் உரசிய இடத்தில் மரம் நகம்போலப் பளபளத்தது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை குடிக்கும் ஊர். மரம் உப்பிக் கொக்கியைத் தூக்கிவிட்டிருக்கிறது. கொக்கி, தான் பிடிக்க வேண்டிய குதிரையின் வெட்டுக்குள் முழுதாக இறங்கவே இல்லை. அந்த இடத்தில் இம்மியளவு சீவி, இறுகிப்போன பழைய எண்ணெயைக் கழுவினார். வலப்பக்கம் ஒழுங்குக்கு வந்தது.

இடப்பக்கம் வரவில்லை. யாரோ எப்போதோ ட்ரிக்கரை இலகுவாக்க அரம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதைவிட எரிச்சலான விஷயம் இல்லை. முன் ட்ரிக்கர் ஒன்றரை, இரண்டு கிலோ இழுவையில் விழ வேண்டும்; பின் ட்ரிக்கர் சற்றுக் கூடுதலாக. இலகுவாக்குகிறேன் என்று வெட்டின் விளிம்பைத் தேய்த்தால், வலக்குழல் வெடித்த அதிர்ச்சியிலேயே இடக்குழலும் வெடிக்கலாம். டம்மி தோட்டாவில் உதைப்பே இல்லாததால் இந்தக் கோளாறு வீட்டுச் சோதனையில் தெரியாமலே போகலாம். கொக்கி, வெட்டு இரண்டையும் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ஆம் பிரிவின்படி பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். தெருமுனை லேத் பட்டறைக்காரரிடம் நீட்டினால் அவருக்கும் வினை.

இடக்குதிரையின் வெட்டைப் புதிதாக அமைத்துக் கடினப்படுத்தும்வரை இதில் நிஜத் தோட்டா ஏறாது, வலக்குழலிலும்தான். பன்றிக்குப் போவதானால் வேறு துப்பாக்கியோடு போகட்டும் பஞ்சாயத்து. உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து இரட்டைக் குழல் இருந்தால், சேஃப்டி போட்டிருக்கிறது என்று நம்பித் தோட்டாவோடு சாய்த்து வைக்காதீர்கள்.