கோர்ப்பது யார்? – பொதுக்கல்விப் பாடங்கள் பற்றி ஒரு குறிப்பு

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் பாடத்திட்டங்களைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். எல்லா இடத்திலும் ஒரே வாக்குறுதிதான்: எங்கள் மாணவர் ஒரு துறைக்குள் முடங்க மாட்டார், பல துறைகளையும் இணைத்துப் பார்ப்பார். அதற்காக வைத்திருப்பதுதான் பொதுக்கல்வி எனும் கட்டாயப் பாடங்கள். மேஜர் எதுவானாலும் இவற்றை முடிக்காமல் பட்டம் கிடையாது. இந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதை நடத்துகிற விதத்தோடுதான் சண்டை.

பல கல்லூரிகளில் இது ஒரு பட்டியல், அவ்வளவுதான். இலக்கியத்தில் ஒன்று, சமூக அறிவியலில் ஒன்று, ஆய்வகத்தோடு ஒரு அறிவியல், கலையில் ஒன்று. மாணவி காலையில் புவியியல் வகுப்புக்குப் போகிறாள், மதியம் கிரேக்க நாடகம். அந்த ரெண்டு ஆசிரியர்களும் ஒருத்தர் பாடத்தை ஒருத்தர் பார்த்ததே இல்லை. ரெண்டையும் இணைக்க வேண்டியது யார்? 18 வயசுப் பிள்ளை. எங்க தொழிலில் பத்து மாட்யூலைத் தனித்தனியா எழுதி, தனித்தனியா டெஸ்ட் பண்ணிட்டு, இன்டெக்ரேஷனை நீங்களே பாத்துக்குங்கன்னு கஸ்டமரிடம் சொன்னால் அதை டெலிவரின்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இங்கே பட்டமே கொடுத்துடறாங்க.

இந்தப் பட்டியல் ஏன் இத்தனை காலம் நிலைக்கிறது? அது கல்விக் கொள்கை என்பதைவிடத் துறைகளுக்கு இடையிலான ஒப்பந்தம் என்றே எனக்குப் படுகிறது. மேஜர் மாணவர் குறைந்துபோன துறைக்கு வகுப்பறையை நிரப்பித் தருவது கட்டாயப் பாடம்தான். தலை எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். ஆகவே எந்தத் திருத்தமும் பங்கு பிரிப்பதில் போய் நிற்கிறது. இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஒரு லத்தீன் ஆசிரியரின் வேலையைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் அதற்குத் துறையிடைக் கல்வி என்று பெயர் வைக்கக் கூடாது.

பிரவுன் பல்கலைக்கழகக் கதை இங்கே முக்கியம். ஐரா மேகசினர், எலியட் மேக்ஸ்வெல் என்ற ரெண்டு மாணவர்களின் அறிக்கையிலிருந்து தொடங்கி, 1969-ல் அங்கே கட்டாயப் பட்டியல் மொத்தமாக நீக்கப்பட்டது. இதுவரை பலருக்கும் தெரியும். அதே சீர்திருத்தத்தில் இன்னொரு பாதியும் இருந்தது: முதலாண்டு மாணவர்களுக்காக, துறை எல்லைகளைக் கடந்து சிந்தனை முறைகளைக் கற்றுத்தரும் தனி வகுப்புகள். சுதந்திரம் இன்றும் இருக்கிறது, அந்த வகுப்புகள் சில வருஷங்களிலேயே தேய்ந்து போயின. என் வாசிப்பு இதுதான்: விதியை நீக்க ஒரு வாக்கெடுப்பு போதும், கோர்த்துச் சொல்லித்தர வருஷா வருஷம் ஆசிரியர் உழைப்பு வேணும்.

எதிர்முனையில் அன்னாபொலிஸின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. 1937 முதல் அங்கே துறையும் இல்லை, மேஜரும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பாடம். யூக்ளிடும் டாலமியும் கிரேக்க மொழியும் எல்லா மாணவருக்கும் உண்டு. ஆசிரியர்களும் தங்கள் துறைக்கு வெளியே போய்ச் சொல்லித்தர வேண்டும். கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை. விலையும் உண்டு: ஒரு துறையில் ஆழமாக இறங்க நினைக்கிறவருக்கு அங்கே இடம் குறைவு.

எனக்குச் சரியாகப் படுவது நடுவில் இருக்கும் போர்ட்லண்டின் ரீட் கல்லூரி. அங்கே மேஜர் உண்டு, ஆனால் முதலாண்டில் எல்லோரும் ஹியூமானிட்டீஸ் 110 படித்தாக வேண்டும். வரலாறு, தத்துவம், இலக்கியம் என்று வேறு வேறு துறைக்காரர்கள் மாறி மாறி ஒரே பொது விரிவுரைத் தொடரை நடத்துகிறார்கள். பிறகு சிறு குழுக்களாக உட்கார்ந்து விவாதம்.

2016-ல் அந்த விரிவுரைகளுக்குள்ளேயே மாணவர்கள் பதாகைகளோடு உட்கார்ந்து போராடினார்கள். பாடம் முழுக்க ஐரோப்பிய மையமாக இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2018-ல் பாடம் திருத்தப்பட்டு மெக்சிகோ நகரமும் ஹார்லமும் உள்ளே வந்தன. இதை ரீட்டின் தோல்வியாகப் பலர் எழுதினார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். எல்லோரும் ஒரே நூலைப் படித்ததால்தான் எல்லோரும் சேர்ந்து சண்டை போட முடிந்தது. தேர்வுப் பட்டியலுக்கு எதிராக யார் பதாகை பிடிப்பார்? பிடிக்காத வகுப்பை விட்டுட்டு அடுத்ததை எடுத்துக்குவாங்க.

"மாணவர் தானே கோர்க்கட்டும், அதுதானே கல்வி" என்று ஒரு வாதம் உண்டு. கோர்க்கட்டும். ஆனால் வளர்ந்த ஒருவர் அதைச் செய்து, தடுமாறி, பக்கத்துத் துறைக்காரரிடம் திருத்தம் வாங்குவதை ஒருமுறையாவது அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா?

இதெல்லாம் நமக்கெதற்கு? 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளங்கலைச் சட்டகத்தில் பல்துறைப் பாடங்களுக்கு 9 கிரெடிட் வருகிறது. மூன்று தனித்தனி அறிமுகப் பாடங்கள். அதே பழைய பட்டியல்தான், அளவு சின்னது. எந்தக் கல்லூரியானாலும் எத்தனை கிரெடிட் என்று கேட்பதைவிட, ரெண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு ஒன்றாவது இருக்கா என்று கேளுங்க. பதில் இல்லையென்றால், கோர்க்கிற வேலை உங்க பிள்ளை தலையில்தான்.