செழிப்பும் பெருமந்தமும்: டாஸ் பாசோஸின் முப்புதினத்தில் மொழியமைப்பும் பெயர்ப்புச் சிக்கலும்

முதல் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கா கண்ட பொருளாதார ஏற்றத்தையும் 1929 அக்டோபரில் நேர்ந்த பங்குச்சந்தை வீழ்ச்சியையும் ஒருசேர நோக்கும் படைப்புகளுள் ஜான் டாஸ் பாசோஸின் முப்புதினம் குறிப்பிடத்தக்கது. 1930, 1932, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இதன் பகுதிகள் 1938இல் ‘யு.எஸ்.ஏ.’ என ஒரே நூலாயின. இதனைச் சமூக ஆவணமாக மட்டும் கொள்வது பொருந்தாது. செழிப்பின் சரிவு இதில் கதை நிகழ்ச்சியாக அன்றி, மொழியின் அமைப்பிலேயே நிகழ்கிறது. மொழிபெயர்ப்பாளர்க்குரிய இடர்ப்பாடும் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம் பகுதியான ‘பெரும்பணம்’ 1920களைப் பொருளாகக் கொண்டது. போரில் விமானியாகப் பணியாற்றித் திரும்பும் சார்லி ஆண்டர்சன் வானூர்தித் தொழிலிலும் பங்கு வணிகத்திலும் ஈடுபட்டு அழிகிறான். மார்கோ டௌலிங் திரைப்பட நடிகையாக உயர்கிறாள். டெய்லர், ஃபோர்டு, வெப்லன் முதலியோரின் வாழ்க்கைச் சித்திரங்கள் இக்கதைகளை ஊடறுக்கின்றன. ஆயினும் 1929இன் வீழ்ச்சியைத் தனி இயலாக ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. அது நூலின் இறுதிச் ‘செய்திச்சுருளில்’ தலைப்புச் செய்தித் துணுக்காகவே தோன்றுகிறது. அதன்பின் மின்துறைப் பெருமுதலாளி சாமுவேல் இன்சல்லின் சரிவும், நெடுஞ்சாலையோரம் நிற்கும் பெயரற்ற நாடோடியின் உருவமும் இடம்பெறுகின்றன.

நூலெங்கும் பயிலும் 68 செய்திச்சுருள்களும் செய்திகளையும் பாடலடிகளையும் பாதியில் முறித்து அடுக்குவன. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வருதலின், தொடரை முறித்தாலும் செயல் இன்னதென்பது விளங்கும். அதன் விளைவே மறைந்து நிற்கும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால் அதே முறிவு செயலையே மறைத்துவிடும். மூலத்தின் முறிவிடத்தை அப்படியே பின்பற்றினால் பொருள் கெடும். தொடரை முடித்துவிட்டால் பதற்றம் கெடும். பெயரில் முடியும் தமிழ் நாளிதழ்த் தலைப்பு நடையை ஏற்று, அடைத்தொடரை மட்டும் துண்டித்தல் ஓரளவு ஏற்ற வழி எனலாம்.

சொற்களை இடைவெளியின்றி இணைத்தெழுதுதல் இவ்வாசிரியரின் மற்றொரு உத்தி. ஆங்கில எழுத்துமுறையில் இது விதிவிலகல். ஆலை உற்பத்தியின் விரைவையும் நெருக்கத்தையும் வாசகரின் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. தொகைகளும் புணர்ச்சியும் இயல்பாக அமைந்த தமிழில் இவ்விணைப்பு விதியாகவே தோன்றும். எனவே சொற்களை இணைத்தெழுதும் மொழிபெயர்ப்பு மூலத்தின் வடிவத்தைக் காத்து, அதன் பயனை இழக்கும். வடிவத்திற்கு வடிவம் நேர்நிறுத்தும் கொள்கையின் குறை இவ்விடத்தில் தெளிவாகிறது.

கதைப்பகுதிகளில் மாந்தர்தம் பேச்சு வழக்கு ஆசிரியர் கூற்றோடு எல்லையின்றிக் கலக்கிறது. தமிழில் ‘என்று’ என்னும் இடைச்சொல்லை இட்டால், யார் கூற்று என்பது வரையறுக்கப்பட்டு, ஆசிரியர் விலகி நின்று தீர்ப்புக் கூறுவதாகிவிடும். விளம்பரத்தின் மொழியை மாந்தர் தம் சொந்த எண்ணமாகவே நம்பினர் என்பதே இப்படைப்பின் குற்றச்சாட்டு. ஆதலின் அவ்விடைச்சொல்லைக் கூடியவரை தவிர்த்தல் வேண்டும்.

கலைச்சொற்களும் ஆராயத்தக்கன. ‘செழிப்பு’ பயிரையும் நீர்வளத்தையும் நினைவூட்டும் சொல். விலைகளின் திடீர் வீக்கத்தை உணர்த்துவதில்லை. ‘மந்தம்’ விரைவின்மையைச் சுட்டும். 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி நின்ற நிலையைச் சுட்ட அது போதாது. ‘பெருமந்தம்’ நிலைபெற்ற கலைச்சொல்லாதலின் வரலாற்று நூல்களில் அதனை மாற்ற வேண்டுவதில்லை. புனைகதையிலோ மாந்தரின் வாய்மொழிக்கேற்ப ‘வீழ்ச்சி’, ‘முடக்கம்’ போன்றவற்றை இடமறிந்து ஆளலாம்.

1927இல் சாக்கோ, வன்செட்டி ஆகியோர் தூக்கிலன்றி மின்னிருக்கையில் கொல்லப்பட்டமை நூலின் திருப்புமுனை. அதிகாரத்திலுள்ளோர் முன்னோரின் சொற்களையே திரித்துவிட்டனர் என்னும் சினம் அப்பகுதியில் வெளிப்படுகிறது. சொல்லின் சீர்குலைவைப் பொருட்சரிவுக்கு முன்னதாகவே காணும் ஒரு படைப்பைச் சீரான, இடரற்ற தமிழில் தருவது அதன் சான்றை மறுப்பதாகும்.